பெரிய கங்காணி லியர்

எங்கள் லியர் மன்னனுக்குக் கிரீடம் கிடையாது. வெள்ளைத் தலைப்பாகை, கறுப்புக் கோட்டு, காதில் கடுக்கன், கையில் பூண் போட்ட பிரம்பு. இலங்கை மலையகத் தேயிலைத் தோட்டங்களில் ஆள் சேர்த்து வேலை வாங்கிய பெரிய கங்காணியின் கோலம் அது. எண்பதுகளில் நம் கல்லூரியில் படித்தவர்களுக்கு அந்தக் கலைவிழா மறந்திருக்காது. ஷேக்ஸ்பியரின் ‘லியர் மன்னன்’ நாடகத்தைத் தமிழில் எழுதி இயக்கியவர் எங்கள் ஆங்கில ஆசிரியர். “இங்கிலாந்து ராஜாவ நீங்க பார்த்ததில்ல. பெரிய கங்காணி எப்படி இருந்தார்னு உங்க தாத்தாவக் கேட்டா சொல்லுவார். அது போதும்” என்றார் சேர். பெயர்களை மட்டும் மாற்றவில்லை. கொனெரிலும் ரீகனும் கோர்டீலியாவும் சேலை கட்டிக்கொண்டு அதே பெயர்களில் வந்தார்கள்.

கதை பலருக்கும் தெரிந்ததுதான். வயதான அரசன் நாட்டை மூன்று மகள்மாருக்கும் பிரித்துக் கொடுக்க நினைக்கிறான். என்மேல் யாருக்கு அன்பு அதிகம், சொல்லுங்கள் பார்ப்போம் என்கிறான். மூத்தவர்கள் இருவரும் வாய் வலிக்காமல் அளக்கிறார்கள். இளையவள் கோர்டீலியா, பிள்ளை என்ற கடமைக்கு எவ்வளவோ அவ்வளவு, கல்யாணம் முடித்தால் பாதி அன்பு புருஷனுக்குப் போகும்தானே என்கிறாள். வந்தது கோபம். அவள் பங்கும் அக்காமாருக்கே போகிறது. தடுத்துப் பேசிய கென்ட் பிரபுவை நாட்டைவிட்டே துரத்துகிறான். நாட்டைக் கொடுத்தாலும் ராஜா என்ற பெயரும் நூறு வீரர்களும் தனக்கு வேண்டும். மாதம் ஒரு மகள் வீட்டில் இருப்பது என்று ஏற்பாடு. (டொரன்டோவில் மூத்த மகள் வீட்டு பேஸ்மென்டுக்கும் இளையவள் வீட்டு பேஸ்மென்டுக்கும் பெட்டி தூக்கும் நம் ஊர்ப் பெரியவர்களைப் பார்க்கும்போதெல்லாம் இந்த ஏற்பாடு எனக்கு ஞாபகம் வரும். நூறு வீரர்கள்தான் இல்லை.)

அந்த நூறு பேர் எதற்கு என்று வகுப்பில் யாரும் கேட்கவில்லை. மலையகத்துப் பிள்ளைகளுக்கு அதை விளக்கத் தேவையில்லை. பெரிய கங்காணியின் மதிப்பே அவர் பின்னால் எத்தனை ஆள் என்பதில்தான் இருந்தது. பெரட்டுக்கு (காலையில் ஆட்களைக் கணக்கெடுக்கும் இடம்) வந்து வேலைக்கு இறங்கும் ஒவ்வொரு ஆளுக்கும் அவருக்குத் தலைக்காசு. ஆட்களைக் கடனில் கட்டிவைத்த துண்டு முறையை 1921இல் சட்டம் போட்டு ஒழித்த பிறகு கங்காணிமாரின் பிடி மெல்ல மெல்லத் தளர்ந்தது. தலைப்பாகையும் கோட்டும் கொஞ்ச காலம் தங்கின.

எங்கள் மேடையில் நூறு வீரர்களுக்குப் பத்துப் பையன்கள். பதினைந்து நாளுக்குள் கொனெரில் “ஐம்பது போதும்” என்றதும் ஐந்து பேர் இறங்கிப் போனார்கள். அப்பன் கோபித்துக்கொண்டு ரீகனிடம் ஓடினால், அவள் “இருபத்தைந்துக்கு மேல் இடமில்லை” என்கிறாள். இன்னும் இரண்டு பேர் இறங்கினார்கள். மூன்றாமவன் இறங்குவதா நிற்பதா என்று தெரியாமல் விழிக்க, சபையில் சிரிப்பு. லியர் உடனே மூத்தவளிடம் திரும்பி, உன் ஐம்பது இவளுடைய இருபத்தைந்தைப் போல இரண்டு மடங்கு, அப்படியானால் உன் அன்பும் இரண்டு மடங்கு, உன்னோடே வருகிறேன் என்கிறான். அன்பை வாயால் அளக்கச் சொன்ன ஆள் இப்போது தலையை எண்ணி அளக்கிறான்! அவளோ பத்து எதற்கு, ஐந்து எதற்கு என்கிறாள். ஒருவன்கூட எதற்கு என்று ரீகன் முடிக்கிறாள். எனக்கு இந்த நாடகத்தின் உயிரே இந்த இடம்தான். யாரும் கத்தியை எடுக்கவில்லை. வெறும் கழித்தல் கணக்கு.

சேர் ஒத்திகைக்கு முன்பே வகுப்பில் ஒரு கேள்வி போட்டிருந்தார்: கொனெரில் சொன்னதில் நியாயம் உண்டா? நன்றிகெட்ட மகள்கள் என்று பையன்கள் நாங்கள் ஒரே குரலில் சொன்னோம். டிக்கோயாப் பக்கத்திலிருந்து வந்த ஒரு மாணவி எழுந்து, “நூறு பேருக்குச் சோறாக்குறது யாரு சேர்?” என்றாள். அவளுடைய அம்மா விடியமுன் எழுந்து சமைத்து வைத்துவிட்டுக் கொழுந்தெடுக்கப் போகிறவர். வேட்டையிலிருந்து வந்ததும் வராததுமாய் சாப்பாடு எங்கே என்று லியர் அதட்டுகிற காட்சி நாடகத்திலேயே இருக்கிறது. அவளுக்கே கொனெரில் வேஷம் கிடைத்தது. ஆரம்பத்தில் கொனெரில் பக்கம் நியாயம் இருந்ததாகத்தான் இன்றும் நினைக்கிறேன். பொறுப்பை இறக்கி வைத்துவிட்டு சலாமை மட்டும் வைத்துக்கொள்ள ஆசைப்பட்டது அப்பன் பிழை. ஆனால் புயல் அடிக்கும் இரவில் கிழவன் வெளியே போக, கதவைப் பூட்டச் சொன்னார்களே, அதற்கு எந்தக் கணக்கும் சரிவராது.

அந்தப் புயலுக்குத் தப்பு மேளம் அடிப்பதாகத் திட்டம். காமன் கூத்துக்கு அடிக்கும் இரண்டு அண்ணன்மாரைத் தோட்டத்திலிருந்து கூட்டி வந்திருந்தோம். ஆனால் அது ஆடி மாதம். லியர் கம்பளியைத் தலையில் போட்டுக்கொண்டு வெளியே வரவும், மண்டபத்துத் தகரக் கூரையில் நிஜ மழை இறங்கவும் சரியாக இருந்தது. பாவம், மாதக்கணக்கில் பாடமாக்கிய வசனத்தில் ஒரு சொல்லும் கேட்கவில்லை. வாய் மட்டும் அசைந்தது. தப்புக்காரர்கள் மழைக்குப் போட்டியாக வெளுத்து வாங்கினார்கள்.

லியருக்கு உதவிய கிளொஸ்டர் பிரபுவின் கண்ணைப் பிடுங்கும் பகுதியைச் சின்னப் பிள்ளைகளுக்காக விட்டுவிட்டோம். கோர்டீலியாவின் சாவை விடச் சேர் சம்மதிக்கவில்லை. தூக்கிலிடப்பட்ட மகளை லியர் ஏந்திக்கொண்டு வந்தபோது முன்வரிசைப் பாட்டிமார் சத்தம் போட்டே ஏசினார்கள். இது இங்கிலாந்திலும் நடந்ததுதான் என்று பிறகு சேர் சொன்னார். 1606இல் அரண்மனையில் ஆடிய நாடகத்தின் முடிவைத் தாங்க முடியாமல், 1681இல் நேஹம் டேட் என்பவர் கோர்டீலியாவைப் பிழைக்க வைத்துக் கல்யாணமும் செய்து வைத்தாராம். நூற்றைம்பது வருஷம்போல மேடைகளில் அதுதான் ஓடியது. அதற்கு முன்பிருந்த பழைய லியர் நாடகத்திலும் ராஜாவுக்கு நாடு திரும்பக் கிடைக்கிறது. நம் பாட்டிமார் தனியாக இல்லை.

நாடகம் முடிந்து மழை விடக் காத்திருந்தபோது, வேலையிலிருந்து நின்று பல வருஷமான ஒரு தாத்தா லியரிடம் வந்தார். முகத்துப் பவுடரைக்கூட அவன் இன்னும் துடைக்கவில்லை.

“அது சரி தம்பி, காம்பரா யாரு பேர்ல இருந்திச்சு?”

பென்ஷன் எடுத்ததும் லயத்துக் காம்பரா (தோட்டத்து வரிசை வீட்டு அறை) வேலை செய்கிற பிள்ளையின் பேருக்கு மாறிவிடும் தோட்டத்திலிருந்து வந்தவர் அவர். லியருக்குப் பதில் தெரியவில்லை. பக்கத்தில் வளையலைக் கழற்றிக்கொண்டிருந்த கொனெரில்தான் சொன்னாள்: “எங்க பேர்ல தாத்தா. அவரே எழுதிக் குடுத்தாரு.”

“அப்ப சரி” என்று தாத்தா குடையை விரித்தார்.