டிவியில வந்த ஆள் உண்டுங்களா?

கோவில் திருவிழாக் கமிட்டிக்காரர்கள் கச்சேரி பேச வந்தால் முதலில் ரேட்டைத்தான் கேட்பார்கள் என்று வெளியாட்கள் நினைக்கலாம். எங்கள் பக்கம் இப்போது அப்படியில்லை. "டிவியில வந்த ஆள் யாராச்சும் உண்டுங்களா?" என்பதுதான் முதல் கேள்வி. ரேட்டெல்லாம் அப்புறம்.

நான் கீபோர்டு வாசிப்பவன். ஊர் பாலக்காடு மாவட்டத்தின் கிழக்கு ஓரம், கொழிஞ்சாம்பாறையை ஒட்டி. வீட்டில் தமிழ், கடையில் தமிழ், பஞ்சாயத்து ஆபீஸில் மலையாளம். எங்கள் மெல்லிசைக் குழு எல்லைக்கு இரண்டு பக்கமும் போகும். மாசியிலிருந்து சித்திரை வரை சித்தூர், கொல்லங்கோடு, நெம்மாறைப் பக்கத்துக் கோவில் திருவிழாக்களான வேலாக்களும் பூரங்களும். ஆடி பிறந்துவிட்டால் பொள்ளாச்சி, கிணத்துக்கடவு அம்மன் கோவில்கள். அங்கே கானமேளா, இங்கே கச்சேரி. ஆட்கள் நாங்களேதான்.

முன்பு கமிட்டிக்காரர்கள் கேட்டது வேறு. "தாசேட்டன் பாட்டுக்கு ஆள் உண்டா? ஜானகியம்மா பாட்டைப் பாட யாரு?" தாசேட்டன் என்பது யேசுதாஸ். குரலைக் கேட்டார்கள், முகத்தைக் கேட்கவில்லை. எங்கள் குழுவில் ஜானகியம்மா பாட்டெல்லாம் பாடும் அக்கா பகலில் தையல் மிஷின் மிதிப்பவர். எத்தனையோ ஊரில் கைதட்டல் வாங்கியவரை மறுநாள் பஸ்ஸில் பார்த்தால் ஒருவருக்கும் அடையாளம் தெரியாது. அதில் அவருக்கு வருத்தம் இருந்ததாகவும் தெரியவில்லை.

விஜய் டிவியில் சூப்பர் சிங்கர் 2006-இல் தொடங்கியது. மலையாளச் சேனல் ஏசியாநெட்டில் ஐடியா ஸ்டார் சிங்கரும் ஏறக்குறைய அதே காலம். எங்கள் ஊரில் இரண்டும் ஒரே கேபிளில் வந்தன. இரண்டையும் விடாமல் பார்த்த வீடுகள் ஏராளம். சூப்பர் சிங்கரின் முதல் பட்டத்தை வாங்கிய நிகில் மேத்யூ மலையாளி. 2010-இல் ஜூனியர் பட்டம் வாங்கிய அல்கா அஜித்தும் அப்படித்தான். இந்த எல்லையில் குடியிருப்பவனுக்கு அதெல்லாம் உள்ளூர்ச் சந்தோஷம்.

ஒரு பருவம் முடிவதற்குள் கூட்டம் மாறிப்போனது. முன்வரிசையில் தோளில் தோர்த்துத் துண்டு போட்டு உட்கார்ந்திருப்பவர், பாட்டு முடிந்ததும் கைதட்டுவதற்கு முன்னால் பக்கத்து ஆளிடம் "சங்கதி போரா" என்பார், பாட்டின் வளைவு நெளிவு போதாதாம். அந்த சங்கதி என்னவென்று அவரை நிறுத்திக் கேட்டால் தெரியாது. நடுவர் நாற்காலியில் எல்லாரும் உட்கார்ந்துவிட்டார்கள், பாய் விரித்து உட்கார்ந்து பாட்டுக் கேட்க ஆள் குறைந்துவிட்டது. இதில் எனக்குக் கொஞ்சம் எரிச்சல் உண்டு, மறைக்கவில்லை.

சரி, ஒரு பெண்ணைப் பற்றிச் சொல்கிறேன். ஒரு டிவி போட்டியில் சில சுற்றுகள் வரை வந்தவள், பத்தாவது படிக்கிறாள். ஃபிளெக்ஸில் அவள் முகம் ஆள் உயரத்துக்கு, எங்கள் குழுப் பெயர் அடியில் பிரஸ்காரர் பெயருக்கு மேலே. சவுண்டு செக்குக்கு அம்மாவோடு வந்தவள் முதலில் கேட்டது, "டிராக் இல்லையா அங்கிள்?" பதிவு செய்த இசையெல்லாம் இல்லை, நாங்கள்தான் வாசிக்கிறோம் என்றேன். முகம் சுருங்கியது. நல்ல குரல், அதில் சந்தேகமே இல்லை. ஆனால் டிவியில் ஒரு பாட்டை நாள் கணக்கில் பயிற்சி கொடுத்துப் பாட வைத்து, ஒலியை மிக்ஸ் பண்ணி, வெட்டி ஒட்டித்தான் காட்டுவார்கள். பூரப்பறம்பில், அதாவது திருவிழாத் திடலில், தொடர்ந்து ஏழெட்டுப் பாட்டு. தொண்டையில் புழுதி, பக்கத்து வயலில் வெடி, எங்களுக்குக் கேட்க வைத்த மானிட்டர் ஸ்பீக்கரில் பாதி நேரம் ரிதம் பேடு சத்தம் மட்டும். மூன்றாவது பாட்டின் சரணத்தில் மேலே எட்ட முடியாமல் அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். அந்தப் பாட்டு முடிந்ததும் பேஸ் கிட்டார்காரருக்குக் கட்டைவிரலைக் கீழே காட்டிவிட்டு கீபோர்டில் சுருதி மாற்றும் டிரான்ஸ்போஸை இரண்டு தட்டு இறக்கினேன். அடுத்த பாட்டை ஒரு முழு ஸ்வரம் கீழே எடுத்தோம். ஜனங்களுக்குத் தெரியவில்லை, தோர்த்துக்காரருக்கும் தெரியவில்லை.

எனக்கு மறக்காதது பாட்டு இல்லை. இறங்கி வந்ததும் பெண்கள் அவளைச் சூழ்ந்துகொண்டார்கள். ஒருத்தர் அம்மாவின் கையைப் பிடித்து, "அப்பாவுக்கு இப்ப எப்படிங்க இருக்கு? நடக்கறாரா?" என்றார். அவர்கள் வீட்டுக் கூரை ஒழுகுவது தெரிந்திருந்தது, அண்ணன் படிப்பை நிறுத்தியது தெரிந்திருந்தது. போட்டியில் அவள் என்ன பாட்டுப் பாடினாள் என்று ஒருவராலும் சொல்ல முடியவில்லை. அழுத எபிசோடு எல்லாருக்கும் நினைவிருந்தது. அந்த அம்மா சிரித்துக்கொண்டே பதில் சொன்னார், ஆனால் மகளைத் தன் பின்னால் இழுத்து நிறுத்திக்கொண்டார்.

அவள் கார் கிளம்பியதும் பாதிக் கூட்டம் எழுந்துவிட்டது. எங்கள் அக்கா மைக்கைக் கையில் வாங்கி என் பக்கம் குனிந்து, "இனி இருக்கறவங்க பாட்டுக் கேக்க வந்தவங்க. நிம்மதியாப் பாடலாம்" என்றார்.

அடுத்த வருஷம் அதே கமிட்டியில் அந்தப் பெண்ணைச் சொன்னேன். "அது போன சீசனுங்க" என்றார் செயலாளர். பல்லாரி வெங்காயம் மாதிரி ஆகிவிட்டது இந்தப் புகழ், புதுச் சரக்கு இறங்கியதும் பழையதைத் தொட ஆளில்லை. இப்போது அவள் கோவையில் காலேஜ் படிக்கிறாள், லீவில் எங்களோடு வந்து மற்றவர்கள் மாதிரியே சம்பளத்துக்குப் பாடுகிறாள். டிவியில் பாடியதைவிட இப்போதுதான் நன்றாகப் பாடுகிறாள் என்பது என் அபிப்பிராயம்.

எல்லாம் நஷ்டம் என்றும் சொல்ல மாட்டேன். 2018-இல் செந்தில் கணேஷ் நாட்டுப்புறப் பாட்டுப் பாடியே சூப்பர் சிங்கர் பட்டம் வாங்கினார். அதுவரை கும்மிப் பாட்டு எடுத்தால் "சினிமா பாட்டுப் போடுங்க" என்று சீட்டு அனுப்பிய அதே கமிட்டிகள், அந்த வருஷம் கிராமியப் பாட்டு இத்தனை வேண்டும் என்று கேட்டு வாங்கின. எங்கள் தவில்காரருக்கு வேலை கூடியது. ஆனால் கமிட்டி பட்ஜெட் ஏறவில்லை. டிவி ஆளுக்குக் கொடுப்பது எங்கள் பங்கிலிருந்துதான் போகும். டிரம்பெட் போனது, கோரஸ் போனது, அந்த இடத்தில் என் கீபோர்டின் பட்டன்கள்.

பாடகர்களாவது பாடினார்கள். 2017 ஜூனில் கமல்ஹாசன் தமிழில் பிக் பாஸை ஆரம்பித்தார். அந்த ஆடியில் ஒன்பது மணி நெருங்கினால் முன்வரிசைப் பெண்கள் பாயைச் சுருட்டினார்கள். அதில் கலந்துகொண்ட ஓவியா திருச்சூர்க்காரர் என்பதால் எங்கள் ஊரில் இரண்டு மொழிக்காரரும் அவருக்கு உரிமை கொண்டாடினார்கள். அடுத்த வருஷம் மோகன்லால் மலையாளத்தில் வந்தார். அந்த மலையாள நிகழ்ச்சியின் வீட்டை அப்புறம் சென்னைக்குப் பக்கத்துச் செம்பரம்பாக்கத்தில்தான் போட்டார்கள், 2021-இல் ஊரடங்கு நேரத்தில் தமிழ்நாட்டு அதிகாரிகள் அதைப் பூட்டி சீல் வைத்தார்கள். மலையாளிகளின் பிக் பாஸ் வீடு தமிழ்நாட்டில், தமிழர்களான எங்கள் வீடு கேரளத்தில். ரிகர்சல் ரூமில் இதைச் சொல்லிச் சிரிப்போம்.

சிரிக்க முடியாத ஒன்றும் உண்டு. 2020 மார்ச்சில் கொரோனாவுக்காகக் கூட்டம் கூடாதீர்கள் என்று கேரளம் முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தபோது, மலையாள பிக் பாஸிலிருந்து வெளியே அனுப்பப்பட்ட ரஜித் குமாரை வரவேற்க கொச்சி நெடும்பாசேரி விமான நிலையத்தில் கூட்டம் கூடியது, போலீஸ் வழக்குப் போட்டது. கேன்சல் போன் எங்களுக்கு வரிசையாக வந்துகொண்டிருந்த நாட்கள் அவை. பயத்தையும் மீறி ஜனம் எதற்குத் திரள்கிறது என்பதைப் பார்த்தபோது எங்கள் பிழைப்பு எங்கே நிற்கிறது என்று விளங்கியது.

இப்போது கமிட்டிகள் பிக் பாஸில் இருந்தவர்களையும் கேட்கிறார்கள். "பாட வேண்டாமுங்க, மேடையேறிக் கையக் காட்டினாப் போதும்." கையைக் காட்டுவதற்கு, மூன்று மணி நேரம் பாடுபவரைவிட அதிகம்.

நாங்கள் ஒரு வழி செய்திருக்கிறோம். இரவு பத்து மணிக்கு ஸ்பீக்கரை நிறுத்தியாக வேண்டும். ஆகவே டிவி விருந்தாளி யாராக இருந்தாலும் ஒன்பதே காலுக்குமேல்தான் மேடையேறுவார் என்று எழுதி வாங்கிக்கொண்டுதான் அட்வான்ஸைத் தொடுகிறோம். கூட்டம் அதுவரை உட்கார்ந்திருக்கிறது, அக்காவின் பாட்டு நிறைந்த பந்தலில் கேட்கிறது. சில கமிட்டிகள் ஒத்துக்கொள்கின்றன. போன வாரம் வந்தவர்கள், எட்டு மணிக்கு எம்.எல்.ஏ. வருகிறார், அவரோடு போட்டோ எடுக்க அந்த நேரத்தில் டிவி ஆள் மேடையில் வேண்டும் என்றார்கள். முதல் ஆளாக ஏற்றி போட்டோ எடுத்துவிட்டு இறக்கிவிடலாம், பாட்டு கடைசியில்தான் என்றேன். கலந்து பேசிச் சொல்வதாகப் போயிருக்கிறார்கள்.