கழிமுள்ளியின் ஒற்றை உதடு

அலையாத்திக் காட்டுக்குப் போகிறவர்கள் மரங்களை அண்ணாந்து பார்க்கிறார்கள். நான் குனிந்து கழிமுள்ளி என்னும் முள் புதரைத் தேடுகிறேன். முழங்கால் வரை சேறு, கையில் முள் கீறல். அதனால் என்ன!

இன்று பூத்திருந்தது. வெளிர் ஊதா. இந்தப் பூவுக்கு மேலுதடு கிடையாது. கீழுதடு மட்டும் அகன்று நாக்கைப் போல நீள்கிறது. பெரிய கருவண்டு வந்து அமர இடம் போதும். உள்ளே நான்கு மகரந்தத் தாள்கள், நுனியில் தூரிகை போல மயிர்.

இலையை நாவில் வைத்தேன், கரித்தது. வேர் உறிஞ்சிய உப்பை இலைச் சுரப்பிகள் வெளியேற்றிவிடுகின்றன. வெயிலில் நீர் வற்றியதும் அதுவே படிகமாக மின்னுகிறது. உப்பும் நன்னீரும் கலக்கும் கழிமுகச் சேற்றில், இந்தியா முதல் ஆஸ்திரேலியாவின் வடகரை வரை, இது வேரூன்றி நிற்பது இப்படித்தான்.

காய்கள் முற்றவில்லை. முற்றினால் பட்டென்று வெடித்து விதைகளைத் தூர எறியும். அந்தச் சத்தத்தைக் கேட்க மறுபடியும் வருவேன்.

முள் புதர்தானே என்று இதை வெட்டித் தள்ளுகிறார்கள். அதைப் பார்க்கும்போது நெஞ்சு எரிகிறது.