நீர்மேல் தத்தி ஓடும் தவளை

குளக்கரையில் கால் வைத்ததும் நீரின் மேலேயே நாலைந்து தாவல் தாவிப் போய் முங்குகிற சிறு தவளையை எல்லாரும் பார்த்திருப்போம். அறிவியல் பெயர் யூப்ளிக்டிஸ் சயனோப்ளிக்டிஸ். உடல் நீளம் பெரும்பாலும் 4 முதல் 6 செ.மீ.; ஆணைவிடப் பெண் பெரிது. நீரில் மிதந்தபடியே உந்திப் பாய இதனால் முடியும். பின்னங்கால் விரல்களின் நுனிவரை சவ்வு படர்ந்திருக்கிறது. கண்கள் தலை உச்சியில் இருப்பதால், உடலை நீருக்குள் வைத்துக்கொண்டே வெளியே நோட்டமிடும்.

பெருந்தவளையின் குட்டியோடு இதைக் குழப்பிக்கொள்பவர்கள் அதிகம். முதுகைப் பாருங்கள். நீளவாக்கில் தோல் மடிப்புகள் ஓடினால் அது பெருந்தவளை. இதற்குச் சிறுசிறு பருக்கள்தான். பெருந்தவளை முதல் கனமழைக்குக் காத்திருந்து சில நாட்களிலேயே இனப்பெருக்கத்தை முடித்துவிடும். இதுவோ, நீர் வற்றாத இடத்தில் ஆண்டின் பெரும்பகுதியும் கத்திக்கொண்டிருக்கும். ஆணுக்குத் தொண்டையின் இருபக்கமும் இரண்டு குரல்பைகள்.

பூச்சி, புழு, தலைப்பிரட்டை, தன்னைவிடச் சிறிய தவளை, எது அசைந்தாலும் இரைதான். விழுங்கும்போது கண்களை உள்ளே இழுத்துக்கொள்ளும். இரையைத் தொண்டைக்குள் தள்ள அந்த அழுத்தம் உதவுகிறது. தண்ணீரை வாயால் குடிப்பதில்லை, தோல் வழியே உறிஞ்சுகிறது. மூச்சிலும் ஒரு பங்கு தோல் வழியேதான். அதனால்தான் பூச்சிமருந்து கலந்த நீர் இதை இவ்வளவு எளிதில் தாக்குகிறது. கொசு விரட்டி பூசிய கையால் தயவுசெய்து தவளையைத் தொடாதீர்கள்.

தலைப்பிரட்டையின் வயிற்றுப்பக்கம் பார்த்தால் குடல் கடிகாரச் சுருள் போலத் தெரியும். பாசி செரிக்க அவ்வளவு நீளம் தேவை. உருமாறும்போது அது வெகுவாகக் குறுகிவிடும். முதலில் பின்னங்கால்கள் வெளிவரும். முன்னங்கால்கள் செவுள் அறைக்குள் மறைவாக வளர்ந்து, பிறகே தோலைப் பிளந்து வெளிவரும். வாய் மாறும் அந்த நாட்களில் அது தின்னாது. வால் கரைந்துதான் உடலுக்கு உணவாகிறது. அப்போது உணவு போட்டால் நீர்தான் கெடும்.

தொட்டியில் வளர்ப்பவர்கள் பெரும்பாலும் இழப்பது இந்தக் கட்டத்தில்தான். நுரையீரல் வேலை செய்யத் தொடங்கியிருக்கும், ஏறி நிற்க இடமிருக்காது; செங்குத்துச் சுவருக்குள் நீந்திக் களைத்து மூழ்கிவிடும். முன்னங்கால் தெரிந்த அன்றே நீரைக் குறைத்து, பாதி வெளியே நிற்குமாறு ஒரு கல்லைச் சரிவாக வையுங்கள். குளோரின் கலந்த குழாய் நீரை நேராக ஊற்றாமல், வாய் அகன்ற பாத்திரத்தில் ஒரு நாளாவது திறந்து வைத்து ஊற்றுங்கள். வாலின் மிச்சம் மறைந்ததும், முட்டை எடுத்த அதே குளத்தின் ஓரத்திலேயே விட்டுவிடுங்கள். வேறு குளத்தில் விட்டால் நோயும் கூடவே போய்ச் சேரலாம்.