கீழ முழுக்க வெள்ளையா கெடக்கு மக்கா

அக்காவுக்குப் பிரசவம்னு அம்மா சான்பிரான்சிஸ்கோ போனாவ. கேரளா எல்லைல கெடக்குற எங்க களியக்காவிளைக்காரங்களுக்கு ஏர்போர்ட்டுன்னா திருவனந்தபுரம்தான், சென்னை எல்லாம் வேற தேசம். டிக்கெட் போடும்போதே அம்மா கேட்டாவ, "எத்தன கிலோமீட்டர் இருக்கும் மக்கா?"

நெட்ல பாத்தா திருவனந்தபுரத்துல இருந்து சுமார் 14,500ன்னு வந்துது, அத நான் சொன்னதும் மாமா தன் போனைத் தூக்கிட்டு 9,000ன்னுதானே போட்டிருக்குன்னு சண்டைக்கு வந்துட்டாரு, பொறவு பாத்தா அவரு பாத்தது மைலு. விமானக்காரங்க கணக்கு இது ரெண்டும் இல்ல, கடல் மைல், ஒண்ணு 1.852 கிலோமீட்டர், அதுல பாத்தா 7,800 சொச்சம். சவம், ஒரே தூரத்துக்கு மூணு நம்பரு.

ஆனா அம்மா போனது அந்த 14,500ம் கெடையாது. அது பூமி மேல ஒரு நூலப் பிடிச்சு இறுக்கி இழுத்தா வர்ற தூரம். இங்க இருந்து நேரா பிளைட் இல்லாததால துபாய் போய் மாறினாவ. துபாய்க்கு ஏறக்குறைய 2,950, அங்கிருந்து 13,000, ஆக கிட்டத்தட்ட 16,000. ஆயிரத்தி ஐநூறு கிலோமீட்டர் சுத்து.

துபாய்ல ஏறி அஞ்சாறு மணி நேரம் கழிச்சு பிளைட் வைஃபைல ஒரு போட்டோ வந்துது. "கீழ முழுக்க வெள்ளையா கெடக்கு மக்கா, அமெரிக்கா மேக்கால்லா இருக்கு, இவன் எங்க கொண்டு போறான்?" எனக்கும் முதல்ல புரியல. சுவத்துல தொங்குற மேப்ப பாத்தா அரபிக்கடல், ஆப்பிரிக்கா, அட்லாண்டிக்னு மேக்காமதான் போகணும்னு தோணும். மருமவன் ஃபுட்பால எடுத்து பேனாவால ரெண்டு புள்ளி வச்சு நூலப் பிடிச்சேன். துபாய் 55 டிகிரி கிழக்கு, சான்பிரான்சிஸ்கோ 122 டிகிரி மேற்கு, கூட்டினா 177, அதாவது பூமிக்கு அந்தப் பக்கம் இந்தப் பக்கம். நூலு நேரா பந்தோட உச்சந்தலைக்கு ஏறிட்டு, வட துருவம்! மேக்கயும் இல்ல கிழக்கயும் இல்ல, வடக்காம போய் அந்தப் பக்கம் தெக்காம எறங்குறான். 2021 ஜனவரில ஏர் இந்தியா பெண் பைலட்டுகள் மட்டும் சேர்ந்து சான்பிரான்சிஸ்கோல இருந்து பெங்களூருக்கு ஓட்டிட்டு வந்தாங்கல்லா, அதுவும் இப்படி துருவத்துக்கு மேலாடிதான்.

இதெல்லாம் அம்மாவுக்கு வாய்ஸ் மெசேஜ்ல விளக்குனேன். "சரி மக்கா"ன்னு ஒரே பதிலு.

ஆறு மாசம் கழிச்சு திரும்பி வந்தப்ப பக்கத்து வீட்டு அக்கா வந்து, அம்மாடி அவ்வளவு தூரம் எப்படி இருந்தீங்கன்னு கேட்டா. அம்மா சொன்னாவ, "பிளைட்ல ஒண்ணும் தெரியல பிள்ளே, உறங்கிட்டேன். ஏர்போர்ட்ல இருந்து வர்ற வழில பாலராமபுரத்துல ஒரு டிராஃபிக் பிளாக்கு பாரு, முக்கா மணிக்கூரு, இடுப்பு போச்சு."