பத்து மணி மாத்திரை

மார்ஃபின் என்ற வலி நீக்கும் மாத்திரைக்குக் கணக்கு உண்டு. 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் சட்டம் 2014இல் தளர்த்தப்பட்ட பிறகும், எங்கள் வலி தணிப்பு மையத்தின் பதிவேட்டில் ஒவ்வொரு மாத்திரையும் ஏறி இறங்க வேண்டும். வீடுகளுக்குப் போகும் என்னைப் போன்ற தன்னார்வலர் மருந்து கொடுப்பதில்லை. மீதியைப் பார்த்துக் குறிப்பதோடு சரி. ஒரு வீட்டில் மீதி அதிகமாக இருந்தது.

நான்கு மணி நேரத்துக்கு ஒரு வேளை: காலை ஆறு, பத்து, மதியம் இரண்டு, மாலை ஆறு, இரவு படுக்கும்முன் இரட்டையாக. பத்து மணி வேளை மட்டும் நின்றிருந்தது. சவூதியில் இருக்கும் மகன் மதியம்தான் கூப்பிடுவான்.

"மாத்திரை போட்டால் தூங்கிவிடுகிறார் தம்பி. பிள்ளை அப்பா, அப்பா என்று கூப்பிட்டுவிட்டு வைத்துவிடுகிறான். சிஸ்டரிடம் சொல்லிவிடாதீர்கள்," என்றார் ஐயாவின் மனைவி.

ஐயா விழித்துத்தான் இருந்தார். கட்டில் சட்டத்தைப் பிடித்திருந்த விரல்கள் வெளுத்திருந்தன. வலிக்கிறதா என்று கேட்டேன்.

"வலிக்கத்தான் செய்கிறது. அவன் பேசிவிடட்டும்."

அன்று மாலையே சிஸ்டரிடம் சொன்னேன். சொல்லத்தான் வேண்டும். வேளை தவறினால் வலி மூர்க்கமாகத் திரும்பும், பிறகு அடக்குவது பெரும்பாடு. தொடக்கத்தில் வரும் மயக்கம் பெரும்பாலும் சில நாட்களில் குறைந்துவிடும் என்பதையும் அந்த அம்மாவிடம் யாராவது பக்குவமாகச் சொல்ல வேண்டியிருந்தது. சிஸ்டர் போய்ச் சொன்னார். டாக்டர் அளவை மாற்றினார். கணக்கு நேரானது.

ஐயா அதன்பின் சில மதியங்களில் பேசினார், பல மதியங்களில் தூங்கினார். அந்தக் கட்டத்தில் நோயே தூக்கத்தைக் கொண்டுவரும். எது மருந்து, எது நோய் என்று எங்களால் பிரிக்க முடியவில்லை. அந்த அம்மாவுக்கு அந்தக் குழப்பமே இல்லை. காபி எப்போதும்போல் வந்தது. ஆனால் 'தம்பி' போய் 'சார்' ஆகிவிட்டேன்.

வலி அவருடையது, மகனும் அவருடையவன். நடுவில் நான் யார்? சரி, மனைவியின் முகத்துக்காக அப்படிச் சொன்னாரோ என்னவோ. தனியாகக் கேட்கலாமென்றால் அந்த வீட்டில் இருந்ததே ஒரு அறைதான். அவர் சொன்னதையும் சேர்த்தே சிஸ்டரிடம் சொன்னேன் என்றுதான் நினைக்கிறேன். பதிவேட்டில் 'பத்து மணி வேளை தரப்படவில்லை' என்று மட்டுமே இருக்கிறது, என் கையெழுத்தில்.

புதிதாக வருபவர்களிடம் இன்றும் கண்டிப்பாகச் சொல்கிறேன்: வேளை தவறினால் உடனே தெரிவியுங்கள், யார் கெஞ்சினாலும். அண்மையில் ஒரு பாட்டி, ஆறு மணி மாத்திரையைச் சீரியல் முடிந்த பிறகுதான் போட்டுக்கொள்வேன், இல்லாவிட்டால் கதை பாதியில் தூங்கிவிடுகிறேன் என்றார். எவ்வளவு தாமதம் என்று கேட்டேன். அரை மணி என்றார். நான் எங்கும் குறிக்கவில்லை. அரை மணிதானே. ஒரு மணி என்றிருந்தால் என்ன செய்திருப்பேன் என்று தெரியவில்லை.