மால்டாவில் கொடி பிடித்த கைடும் நாற்பது பேரும்

மத்தியதரைக் கடலில் இருக்கிற மால்டா தீவின் நீளமே சுமார் 27 கிலோமீட்டர்தான். குரூப் டூரில் வருகிறவர்கள் எல்லாம் "மத்தியானத்துக்குள்ள முடிச்சிரலாம்" என்பார்கள். நாற்பது பேரை பஸ்ஸிலிருந்து இறக்கி, பாத்ரூம் அனுப்பி, திரும்ப எண்ணி ஏற்ற எவ்வளவு நேரமாகும் என்பது கைடுக்கு மட்டும்தான் தெரியும்.

தலைநகர் வல்லெட்டாவில் அவர் விரட்டுவது பீரங்கிக்காக. அப்பர் பராக்கா தோட்டத்துக்குக் கீழே உள்ள பீரங்கி மேடையில் பகல் 12 மணிக்கும் மாலை 4 மணிக்கும் வெடி போடுவார்கள். 11:45-க்கே கைப்பிடி ஓரம் இடம் பிடிக்காவிட்டால் முன்னால் நிற்பவரின் தொப்பி மட்டும்தான் தெரியும். வீடியோவை முன்கூட்டியே ஓடவிட வேண்டும். சத்தம் கேட்ட பிறகு பட்டனைத் தேடுகிறவர்களுக்குக் கிடைப்பது கொஞ்சம் புகை, பின்னணியில் ஒரு குழந்தையின் அலறல். "இன்னொரு தடவை போடுவாங்களா?" என்று தவறாமல் ஒருவர் கேட்பார். போடுவார்கள், நாலு மணிக்கு.

புனித யோவான் கோ-கதீட்ரல் என்ற பெரிய தேவாலயத்தில் தோளும் முழங்காலும் மூடியிருக்க வேண்டும். ஊசிக் குதிகால் செருப்புக்கும் அனுமதி இல்லை, ஏனென்றால் தரை முழுக்கப் பளிங்குக் கல்லறைகள், நானூறுக்குக் கிட்ட. எலும்புக்கூடு உருவங்கள் பதித்த அந்தத் தரையைப் பார்த்துக்கொண்டே பாதிப் பேர் வெளியே வந்துவிடுகிறார்கள். இத்தாலிய ஓவியர் காரவாஜ்ஜியோ 1608-இல் வரைந்த யோவானின் சிரச்சேத ஓவியம் பக்கத்து மண்டபத்தில் இருக்கிறது. கழுத்திலிருந்து வழியும் ரத்தத்திலேயே ஓவியர் தன் பெயரை எழுதியிருப்பார். அவர் கையெழுத்திட்ட ஒரே ஓவியம் இதுதான். இதை விட்டுவிட்டு நினைவுப்பொருள் கடைக்கு ஓடுவது அநியாயம். ஞாயிற்றுக்கிழமை இங்கே சுற்றுலாக்காரர்களை விடுவதில்லை. மீனவ ஊரான மார்சஷ்லொக்கின் மீன் சந்தை களைகட்டுவதோ ஞாயிறன்றுதான். இரண்டையும் ஒரே நாளில் போட்ட பயணத்திட்டம் கையில் வந்தால் பணம் கட்டுவதற்கு முன்பே கேட்டுவிடுங்கள்.

சாப்பாட்டில் முதலில் வருவது பஸ்டிட்ஸி. மடிப்பு மடிப்பாக உதிரும் மாவுக்குள் ரிக்கோட்டா பாலாடைக்கட்டி அல்லது பட்டாணி மசியல். நடுவில் மடிப்பு இருந்தால் பெரும்பாலும் பாலாடைக்கட்டி, ஓரத்தில் இருந்தால் பட்டாணி. அடுப்பிலிருந்து வந்த கொஞ்ச நேரத்தில் கடித்தால் வெளிமாவு ஆறியிருக்கும், உள்ளே பட்டாணி கொதிக்கும், நாக்கு போச்சு. முனையைக் கிள்ளி ஆவியை விட்டு, உடம்பை முன்னால் சாய்த்துச் சாப்பிட வேண்டும். இல்லையென்றால் சட்டையெல்லாம் துகள். பட்டாணிதானே என்று சைவக்காரர்கள் உடனே கை நீட்ட வேண்டாம். மாவில் பன்றிக்கொழுப்பு சேர்ப்பது பழைய வழக்கம், கடையில் கேட்டுக்கொள்வது நல்லது. மத்தியானம் "ஃபெனெக்" என்று தட்டில் வருவது முயல். பாதித் தட்டு காலியான பிறகு விசாரித்துப் பயனில்லை.

புளூ குரோட்டோ என்ற கடற்குகைக்குப் படகுச் சவாரி காற்றின் கையில். கடல் கொந்தளித்தால் படகே விடமாட்டார்கள், கைடிடம் சண்டை போட்டு ஆகப்போவது ஒன்றுமில்லை. குகைக்குள் நீலம் நன்றாகத் தெரிவது காலை வெயிலில். மத்தியானம் கூட்டிப்போனால் முணுமுணுக்கலாம், அதில் நியாயம் உண்டு.

பக்கத்து கோசோ தீவுக்குச் சிர்கெவ்வா துறையிலிருந்து பெரிய ஃபெர்ரி, 25 நிமிடம். போகும்போது டிக்கெட் கேட்கமாட்டார்கள், திரும்பும்போது ம்ஜார் துறையில்தான் காசு. "சும்மா கூட்டிட்டுப் போறாங்க" என்று மகிழ்கிறவர்களின் முகம் அங்கே மாறும். அடுத்து கோசோவின் த்வேய்ரா கடலோரம். புகழ்பெற்ற அஸூர் விண்டோ பாறை வளைவு 2017 மார்ச் 8 அன்று புயலில் இடிந்து கடலுக்குள் போய்விட்டது. ஆனாலும் பஸ் அங்கே நிற்கும். கைடு வெறும் கடலைக் கைகாட்டுவார், நாற்பது செல்போனும் அந்தப் பக்கம் திரும்பும்.