இன்னும் வெடிக்கவில்லை

மார்ச் 24, 2025, திங்கள்

இல்லை. நான் காத்திருக்கும் நட்சத்திரம் இன்றும் வெடிக்கவில்லை.

மார்ச் 25, செவ்வாய்

காலை நடையில் வாத்தியார் கேட்டார்: "உங்க நட்சத்திரம் என்ன ஆச்சு சார்?" உங்க நட்சத்திரம் என்று அவர் சொன்னது மனசுக்கு நிறைவாக இருந்தது. பூங்கா பெஞ்சில் உட்கார்ந்து குச்சியால் மண்ணில் வரைந்து காட்டினேன். சப்தரிஷி மண்டலத்தின் வால் வளைகிற போக்கிலேயே போனால் சுவாதி. சுவாதிக்கும் அபிஜித்துக்கும் இடையே, சுவாதிப் பக்கம் ஒட்டி, சின்னதாய் ஓர் அரைவட்டம். அதுதான் வடமகுடம் என்ற விண்மீன் கூட்டம். அந்த வளைவில் ஒன்றுதான் பளிச்சென்று இருக்கும், மற்றவை மங்கல். என் நட்சத்திரமான டி கொரோனே அரைவட்டத்துக்குச் சற்று வெளியே, கிழக்கு முனையை ஒட்டி இருக்கிறது. வெறும் கண்ணுக்குத் தெரியாது, பத்தாம் ஒளியளவு. வெடித்தால் இரண்டுக்கு வந்துவிடும். எண் குறைந்தால் வெளிச்சம் எப்படிக் கூடும் என்று வாத்தியார் விடாமல் கேட்டார். பழைய காலத்து வரிசை அது, முதல் தரம், இரண்டாம் தரம் என்கிற மாதிரி. அப்படிச் சொன்னதும் ஒப்புக்கொண்டார்.

மார்ச் 26, புதன்

பைனாகுலரைப் பொருத்தும் கேமரா ஸ்டாண்டின் திருகு கழன்று எங்கோ விழுந்துவிட்டது. படியெல்லாம் பார்த்தாயிற்று, புல்லில் காந்தம் வைத்துத் துழாவியாயிற்று, கிடைக்கவில்லை. கடையில் 6 மில்லிமீட்டர் திருகு கொடுத்தார்கள். ஒரு சுற்று உள்ளே போகிறது, அப்புறம் இறுகிக்கொள்கிறது. கேமரா ஸ்டாண்டுக்குக் கால் அங்குலத் திருகுதான் பொருந்தும், மரை இடைவெளியே வேறு. நாளை இரவுக்குள் கிடைத்தாக வேண்டும். பைனாகுலரைக் கையில் பிடித்துப் பார்த்தால் பிம்பம் நடுங்குகிறது.

மார்ச் 27, வியாழன்

இன்றைய தேதிக்கு ஒரு கணக்கு உண்டு. அங்கே இருப்பது இரண்டு விண்மீன்கள்: ஒரு செம்பெரும் விண்மீன், அதன் வாயுவை இழுத்துக்கொண்டே இருக்கும் ஒரு வெண்குள்ளன், அதாவது எரிந்து முடிந்து சுருங்கிப்போன விண்மீன். ஒன்றையொன்று சுற்றிவர ஏறக்குறைய 227 நாள். வெண்குள்ளன் மேல் ஹைட்ரஜன் சேர்ந்து சேர்ந்து, அழுத்தமும் வெப்பமும் ஓர் எல்லையைத் தாண்டும்போது சேர்ந்தது மொத்தமும் வெடிக்கிறது. 1866, 1946, அதாவது எண்பது வருஷத்துக்கு ஒருமுறை. முந்தைய வெடிப்புகளுக்கு இடையே எத்தனை சுற்று என்று எண்ணிப் பார்த்த பாரிஸ் ஆய்வாளர் ஒருவர், அடுத்தது மார்ச் 27ஐ ஒட்டி வரலாம் என்று எழுதியிருந்தார். உறுதியில்லை என்று தெரியும். தெரிந்தும் மாலையிலிருந்து சாப்பாடு இறங்கவில்லை.

வாத்தியாரின் மகனிடம் ஒரு பழைய ஸ்டாண்டில் சரியான திருகு இருந்தது. ஒன்பதரைக்கே மாடிக்குப் போனேன். கிழக்கில் மகுடம் எழுந்தபோது புரை விழுந்த வலது கண்ணால் பார்த்தேன், ஒவ்வொரு புள்ளியைச் சுற்றியும் புகை மாதிரி வளையம். இடது கண்ணை வைத்துத்தான் எண்ணினேன். ஒன்றுதான் பளிச். மறுபடி எண்ணினேன்.

லெஸ்லி பெல்டியர் ஞாபகம் வந்துகொண்டே இருக்கிறது. பன்னிரண்டு வால்மீன்களைக் கண்டுபிடித்தவர், இந்த ஒரு நட்சத்திரத்தை இருபத்தைந்து வருஷம் காவல் காத்தவர். 1946 பிப்ரவரியில் ஓர் அதிகாலை எழுந்தார், ஜலதோஷம் பிடிக்கிற மாதிரி இருந்ததால் திரும்பப் படுத்துக்கொண்டார். அந்த இரவில்தான் அது வெடித்தது. இருபத்தைந்து வருஷம்! என் கண் அறுவை சிகிச்சை அடுத்த வியாழன். வெடித்தால் சில மணி நேரத்தில் உச்சத்துக்கு ஏறி, ஒரு வாரத்துக்குள் வெறும் கண்ணிலிருந்து மறைந்துவிடும். அந்த ஒரு வாரம் எனக்கு எந்த வாரமாக வந்து வாய்க்குமோ.

நாலு மணிக்குப் படுத்தேன். இல்லை.

மார்ச் 28, வெள்ளி

தூக்கம். மகள் போன் பண்ணித் திட்டினாள்.

மார்ச் 30, ஞாயிறு

நூலகத்துக்குப் போகும்போது பேருந்து பாதி வழியில் நின்றுவிட்டது. மீதித் தூரம் வெயிலில் நடை. முழங்கால் வலிக்கிறது. ஆனாலும் 1866இல் இதை முதலில் கண்டவர்களில் ஒருவரான ஜான் பர்மிங்ஹாம் என்ற அயர்லாந்துக்காரர் பற்றிப் படித்தது போதும். மே 12 இரவு, நண்பர் வீட்டிலிருந்து நடந்து திரும்பும் வழியில், நிமிர்ந்து பார்த்திருக்கிறார். தொலைநோக்கி தேவைப்படவில்லை, வானத்தை மனப்பாடமாக வைத்திருந்தது போதுமாயிற்று. எனக்கு இவரைத்தான் பிடிக்கிறது.

ஏப்ரல் 1, செவ்வாய்

சாயங்காலம் மேற்கில் கார்த்திகைக் கூட்டத்தோடு பிறை. மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினேன். அப்படியே கேட்டேன்: எனக்குக் கண் கட்டியிருக்கும் நாளில் நீ பார்த்துச் சொல்வாயா?

"ஏங்க, எனக்கு அதெல்லாம் அடையாளம் தெரியுமா?"

பத்தரைக்கு மாடிக்குக் கூட்டிப்போனேன். சுவாதியை அவளே கண்டுபிடித்தாள், நிறம் ஆரஞ்சு என்றாள். மகுடத்துக்குக் கொஞ்சம் நேரமாயிற்று. "பளிச்சுனு ஒண்ணு இருந்தா ஒண்ணும் ஆகலை. ரெண்டு இருந்தா எழுப்பு" என்றேன். ரெண்டு இருந்தா எழுப்பறேன் என்று அவளும் சொல்லிப் பார்த்துக்கொண்டாள்.

ஏப்ரல் 2, புதன்

பயமில்லை என்று எல்லோரிடமும் சொல்லிவிட்டேன்.

ஏப்ரல் 4, வெள்ளி

நேற்று வலது கண் முடிந்தது. வலி இல்லை. குனியக்கூடாது, தண்ணீர் படக்கூடாது, தூங்கும்போது மூடி போட வேண்டும். சொட்டு மருந்து இரண்டு விதம், ஒன்றுக்கும் அடுத்ததற்கும் ஐந்து நிமிஷ இடைவெளி.

இரவு பதினொன்றுக்கு அவள் தனியாக மாடிக்குப் போனாள். ரொம்ப நேரம் வரவில்லை. படுக்கையில் கிடந்தபடி காலடிச் சத்தத்துக்குக் காது கொடுத்திருந்தேன். வந்து, "ஒண்ணுதான். நாலு தடவை பார்த்தேன்" என்றாள். நான் கேட்காமலே நாலு தடவை.

ஏப்ரல் 5, சனி

காலையில் மூடியை எடுத்தபோது வலது கண்ணில் எல்லாமே நீலம் கூடித் தெரிந்தது. இடது கண்ணால் அதே சுவர் தேநீர்க் கறை. இத்தனை வருஷம் என் கண்ணுக்குள் இருந்த வில்லை மஞ்சளாகி நீலத்தைத் தடுத்துக்கொண்டிருந்ததாம். அப்படியானால் அபிஜித்தை இதுவரை சரியான நிறத்தில் பார்க்கவே இல்லை! திங்கட்கிழமை மருத்துவரிடம் முதலில் பைனாகுலர் எப்போது என்று கேட்க வேண்டும். அப்புறம் இடது கண்ணுக்குத் தேதி. ஸ்டாண்டை வாத்தியார் மகனுக்குத் திருப்ப வேண்டும், இன்னும் ஒரு மாதம் வைத்துக்கொள்ளட்டுமா என்றும் கேட்கலாம். சொட்டு மருந்துக்கு நேரமாகிவிட்டது.